வைக்கோலுக்குள்ள மூணு குட்டி

அன்பு மக வேல்விழிக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் சொகம். அங்க அஸ்ஸாமுல தேயிலைத் தோட்டத்துச் சிறுத்தைங்க சொகமா இருந்தா நீயும் சொகமாத்தான் இருப்பே.

நாலு நாளா உன் போனு கிடைக்கல, அதான் பேனாவை எடுத்தேன். போன மாசம் நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி, இந்தச் சிறுத்தை ஆராய்ச்சியும் வேணாம் ஒண்ணும் வேணாம், விட்டுட்டு வூடு வந்து சேருன்னேன், நீயும் யோசிச்சு சொல்றேம்மான்னே. அதுக்குள்ள இங்க நடந்ததைக் கேளு.

செவ்வாக்கிழமை பட்டறையில பீங்கான் பொம்மை பேக்கிங். ஒரு வாரமா கொட்டாயி மூலையில கெடந்த வைக்கோலை அள்ளிப் பெட்டியில போட்டு, மேல பொம்மையை அடுக்கப் போறேன், உள்ள மிய்யினு சத்தம். கண்ணு தொறக்காத மூணு குட்டி! வூட்டுப் பூனைன்னு நெனச்சு பாலுக்கு ஓடினேன். கூட வேலை செய்யற பூங்கோதைதான், அய்யோ இது காட்டுப்பூனை, நேத்து தாயி சுவரேறிப் போனதைப் பார்த்தேன்னு கத்தினா. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஓனர் ராஜ்மோகன் சாரு, நாலு மணிக்கு லாரி வருது, எங்கயாவது பொதருல விட்டுட்டு வாங்கன்னாரு. அப்பதான் உன் நெனப்பு வந்துது. நீ பத்தாவது லீவுல களிமண் மேட்டுக் கீரி எங்கெங்க போவுதுன்னு நோட்டுல எழுதினதுக்கு எவ்ளோ திட்டியிருப்பேன்! நீ விட்டியா? படிச்சுப் படிச்சு அஸ்ஸாம் வரைக்கும் போயிட்டே. காட்டுல மட்டுமில்லம்மா, நம்ம நடுவுலயும் மிருகம் வாழுது, காப்பாத்தறேன்னு குட்டியைத் தூக்கிட்டுப் போகாதீங்க, இருந்த எடத்துலயே வச்சுட்டுத் தள்ளி நில்லுங்க, தாயி வரும்னு வருஷக்கணக்கா சொன்னே. நான் எங்க காதுல வாங்கினேன்? அன்னிக்கு அதான் என் வாயில வந்துது. வைக்கோலோட அதே மூலையில வச்சுட்டு, இன்னிக்கு யாரும் கொட்டாயிக்குள்ள போகக்கூடாதுன்னு வழியில நின்னுட்டேன். வெயில்ல உக்காந்து வைக்கோலுக்குப் பதிலா பழைய பேப்பருல பொம்மையைச் சுத்தி நாலு மணி லாரியில ஏத்திட்டோம். மணி அஞ்சாச்சு, அஞ்சரையாச்சு, தாயி வரல. மூணு உசுரும் என் தலையிலன்னு சுவரையே பார்த்துக்கிட்டு நின்னேன். வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துதுடி! ஒவ்வொண்ணா கழுத்தைக் கவ்வி மூணையும் ஓடைப் பக்கம் கொண்டு போயிடுச்சு. ராஜ்மோகன் சாரு, உங்களுக்கு எப்படிம்மா தெரியும்னாரு. எம்பொண்ணு இதுக்குத்தான் படிக்கிறான்னேன். சொல்லும்போதே அழுதுட்டேன்.

அதனால கண்ணு, போன மாசம் சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். வந்துடாதே. அங்கயும் எவளாவது கையில சிறுத்தைக் குட்டியை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம நிப்பா, அவளுக்கு நீ வேணும்.

நம்ம கொளஞ்சியப்பர் சாமி உன்னையும் அந்தச் சிறுத்தைங்களையும் சேர்த்துக் காப்பாத்தட்டும். தோட்டத்துக்குள்ள பூட்ஸு போட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன்.

உன்னை நெனச்சுப் பூரிக்கிற
அம்மா செல்வநாயகி
விருத்தாசலம்