லைன் கிளியர் கிடைத்தும் நின்ற வண்டி

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எழுதத் தெரியாது. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்ளட்டும்.

கள்ளக்குறிச்சிக்கு நிஜ ரயில் விட மண் கொட்ட ஆரம்பித்த வருஷம்தான், ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர் நடேசன் ஐயா தன் வீட்டு மாடியில் பொம்மை ரயில் போட்டார். பொம்மையானாலும் சட்டம் பழைய சட்டம். அடுத்த ஸ்டேஷன் பெல் அடித்து லைன் கிளியர் கொடுத்தால்தான் வண்டி நகரும். இந்தக் கோடியில் சின்னசேலம் ஸ்டேஷன், அதற்கு மாஸ்டர் ஐயா. அந்தக் கோடியில் கள்ளக்குறிச்சி, அதற்கு எங்களோடு ரயில்வேயில் வேலை பார்த்த காசி. நடுவில் நான் டிரைவர்.

போன வாரம் காசி செத்துப்போனான். இன்று ஐயா, "அவன் நாற்காலில நீ குந்துய்யா" என்றார்.

"எனக்கு எழுத்து தெரியாதுங்களே."

"பெல் அடிக்க இன்னாத்துக்குய்யா எழுத்து?"

குந்தினேன். பெல் அடித்தேன். வண்டி போகலாமென்று ஐயா சிக்னலை இறக்கினார். வண்டி அசையவில்லை. அப்புறம்தான் உறைத்தது, டிரைவர் இல்லை.

"நீங்களே ஓட்டிடுங்க."

"ஸ்டேஷன் மாஸ்டர் இன்ஜின்ல கை வெப்பானாய்யா? அப்பறம் இது வெளையாட்டு சாமானாப் பூடும்."

ஐயா சிக்னலை மறுபடி மேலே ஏற்றினார்.

"ஆள் இல்லன்னா மூட்டை கட்டிடலாம். பையன் ரூமைக் கேட்டுக்கினு இருக்கான்" என்றார்.

இப்போது ராத்திரி. உடம்பெல்லாம் அசதி, தூக்கம்தான் வரவில்லை. கூட வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். எல்லோரும் போய்விட்டார்கள், ஒருவனைத் தவிர. அவனுக்குக் கண் போய்விட்டதாம். போகட்டும், பெல்லுக்குக் காது போதும். காசி நாற்காலிக்கு மணலூர்பேட்டை சாமிக்கண்ணு, இன்ஜினுக்கு நான்.