எழுபத்தைந்து அங்குலப் பொய்

ஜோகுபாளையம், பெங்களூர்
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்

அன்பு மகள் கேரலுக்கு உன் டாடி எழுதிக்கொள்வது.

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூவரும் சுகம். அதில் உன் மம்மியும் தம்பியும் நிமிர்ந்த தலையோடு சுகம், நான் குனிந்த தலையோடு சுகம். டப்ளின் குளிரும் ஆஸ்பத்திரி நைட் டியூட்டியும் உன்னை ரொம்பப் படுத்தாமல் நீயும் சுகமாக இருக்க வேண்டும். தினம் வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் பூ அனுப்புகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் பேசினால் பாதியில் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன், வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தால் வேறு கதைக்குத் தாவிவிடுவேன். என் சாமர்த்தியம் உனக்குத் தெரியும். காகிதத்தில் தப்பிக்க முடியாது என்றுதான் பேனாவை எடுத்தேன். எதிர்வீட்டு ஜூடித் ஆன்ட்டி மகளைப் பார்க்க அடுத்த வாரம் அங்கே வருகிறார், எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை முதலில் பத்திரப்படுத்திக்கொள். இதைப் படித்த பிறகு என் மேல் கோபம் வந்தாலும் ஊறுகாய் மேல் காட்டாதே, அது மம்மி போட்டது.

மம்மியின் முழங்கால் வலி பரவாயில்லை, மூன்றாம் மாடிக்கு இரண்டு தடவை நின்று ஏறுகிறாள். தண்ணீர் லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன். ஷெர்வினுக்காக நீ ஆசையாகப் பணம் அனுப்பி வாங்கச் சொன்ன டிவி பற்றியது. தொம்மலூர் மேம்பாலத்தில் ஸ்கூட்டர் வழுக்கி அவன் வலது மணிக்கட்டு உடைந்து, பிளேட் வைத்து, கட்டுப் பிரித்தபின், கை பழகுவதற்கு வீடியோ கேம் பெட்டியில் பட்டன் அழுத்தி ஆடினால் நல்லது என்று பிசியோதெரபி மமதா சொன்னதும், சனிக்கிழமை தோறும் அங்கிருந்து நீயும் இங்கிருந்து அவனும் சேர்ந்து ஆடுவதாக ஏற்பாடு செய்ததும் உன் புத்தி. பழைய டிவி செத்துப்போனதால் புது டிவிக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு லிஸ்ட் அனுப்பினாயே, அதில் மூன்றாவது வரி எனக்கு இப்போது மனப்பாடம். கேம் மோட் இருக்கிறதா பாருங்கள் டாடி, பட்டன் அழுத்தியதும் திரையில் அசைய வேண்டும், சைஸ் முக்கியமில்லை. அந்த லிஸ்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கீழ்வீட்டு லாயிட்டைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மைசூர் தசரா ஊர்வலம் மாதிரி நான் கடைக்குள் நுழைந்தேன்.

அங்கே ஒரு சுவர் முழுக்க டிவி. நடுவில் எழுபத்தைந்து அங்குலத்தில் ஒன்று. அதில் ஒரு கிளி சிறகை விரித்தது பார், ஒவ்வொரு இறகையும் தனித்தனியாகப் பிடுங்கிக் காது குடையலாம் போலிருந்தது. ஒரு அருவி விழுந்தது, என் சட்டை நனைந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன். கடைப் பெண் நல்லவள், நான் வாயைத் திறக்கும் முன்பே யாருக்கு, எதற்கு என்று கேட்டுவிட்டு, கேம்ஸுக்கு இது பேடா சார், வேணாம், பக்கத்தில் இருக்கிற நாற்பத்திமூன்றுதான் சரி என்றாள். அப்போது லாயிட் சும்மா இருந்திருக்கலாம். தன் வீட்டிலும் நாற்பத்திமூன்றுதான், மகன் துபாய்க்குப் போகுமுன் கேம் ஆடவென்றே பார்த்து வாங்கியது, அதுவே எங்களுக்குப் போதும் என்றான். அந்தப் 'போதும்' என் தன்மானத்தில் குத்தியது. அல்சூர் தியேட்டர்களில் முதல் நாள் முதல் ஷோ பார்த்து வளர்ந்த வம்சம் நாங்கள், எங்களுக்குப் பெரிசுதான் அம்மா வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். லிஸ்ட் பையிலேயே இருந்தது, கேரல். எடுத்துப் பார்க்கவில்லை.

படியில் அது திரும்பவில்லை. கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினோம். கீழே நின்று சாமான் ஏற்றுகிற அப்பாதுரை கன்னடத்தில் கத்தினான், மேலே நின்று நான் இங்கிலீஷில் கத்தினேன், தெருவில் இரு பக்கமும் ஆட்டோ நின்றுவிட்டது, மெட்ரோ ரயில்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்வி. ஹாலில் அதற்கு ஏற்ற சுவர் ஒன்றுதான், அதில் நம் திரு இருதய ஆண்டவர் இருந்தார். அவரைச் சிவப்பு பல்போடு கழற்றி, பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சின்னச் சுவருக்கு மாற்றினேன். மம்மி இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. நான் கவலைப்படவில்லை, தெருவையே கூப்பிட்டு உட்காரவைத்துப் படம் போட்டேன். அன்றைக்கு நீ போனில் லிஸ்ட்படி பார்த்தீர்களா டாடி என்று கேட்டாய். ஒரு வரி விடாமல் பார்த்தேன் என்றேன். ஷெர்வினும் ஒரு தடவை, இதில் கேம் மோட் போட்டாச்சா டாடி என்று கேட்டான். எல்லாம் கடைக்காரனே போட்டுக் கொடுத்துவிட்டான், அக்கா சொன்னபடி இருக்கிறது, நீ ஆடு என்றேன். அப்போது அது எனக்கு ஒரு பொய்யாகவே தெரியவில்லை. பெரிய டிவியில் இல்லாத வசதியா என்று நினைத்தேன்.

அவன் ஆடினான். பட்டனை அழுத்துவான், திரையில் அந்தக் குட்டி மனுஷன் தாண்டுவதற்குள் பள்ளத்தில் விழுந்துவிடுவான். திரும்ப ஆடுவான், திரும்ப விழுவான். நீயும் அங்கிருந்து பரவாயில்லடா, பழகப் பழக வரும் என்று தைரியம் சொன்னாய், நான் சொன்னதை நம்பித்தானே சொன்னாய். அவன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பான். மமதா அளந்து பார்த்துவிட்டு பிடி நன்றாக இருக்கிறது என்றாள், பிடி இருக்கு மேடம், டைமிங்தான் போச்சு என்று அவளிடம் சொன்னானாம். லேபில் ரத்தம் எடுக்கிற பிள்ளைக்கு அதுதானே முக்கியம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். ஏழு மணி செபமாலையில் ஒவ்வொரு பத்து செபத்துக்கும் முன்னால் ஒருவர் தன் வேண்டுதல் கருத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுத் தலைவன் அதைத் திரும்பச் சத்தமாகச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஷெர்வின் தினமும் ஒரே கருத்தைத்தான் சொன்னான். என் விரல் சரியாகணும். நானும் இல்லாத கம்பீரத்தை எல்லாம் குரலில் வரவழைத்து, ஷெர்வினுடைய விரல் சரியாக வேண்டும் என்று மன்றாடுவோமாக என்று சொல்லி வந்தேன்.

ஒரு நாள் அவன் பிசியோவுக்குப் போயிருந்தான், மம்மி மார்க்கெட்டில். மாவீரன் மாதிரி நானே உட்கார்ந்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். அழுத்தினேன். நான் அழுத்தினதற்கும் அந்தக் குட்டி மனுஷன் தாண்டினதற்கும் நடுவில் அல்சூர் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வீடு வந்து சேரலாம். எனக்கு வயசாகிவிட்டது என்று இடது கையால் அழுத்தினேன். அதுவும் லேட். அப்போதுதான் சட்டைப் பையில் இருந்த உன் லிஸ்ட்டைத் தேடி எடுத்தேன், அதற்குள் ஒரு தடவை சலவைக்குப் போய் வந்திருந்தது, ஆனாலும் மூன்றாவது வரி தெரிந்தது. ரிமோட்டை எடுத்து ஒரு மணி நேரம் குடைந்தேன். சினிமா இருக்கிறது, ஸ்போர்ட்ஸ் இருக்கிறது, பளபளப்பு இருக்கிறது, நடுவில் எல்லா எழுத்தும் அரபிக்கு மாறி அதைத் திருப்புவதற்கே உயிர் போனது. கேம் மோட் மட்டும் இல்லை. என் பிள்ளையின் கையில் கோளாறு இல்லை, நான் வாங்கி வந்த பூதத்தில் இருக்கிறது என்று எனக்கு அன்று மத்தியானம் மூன்று மணிக்குத் தெரிந்துவிட்டது.

இதுவரைக்கும் நான் செய்தது முட்டாள்தனம். இனி எழுதப்போவதுதான் வெட்கம். அன்று சாயங்காலம் அவன் வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று, லாயிட் சிரிப்பான், உன் மம்மி ஆண்டவர் படத்தைக் காட்டி ஒரு பார்வை பார்ப்பாள், உன்னிடம் என்ன சொல்வது என்றெல்லாம் கணக்குப் போட்டேன். கடையில் போய் ரகசியமாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன், மாற்றும் கெடு முந்தின நாளே முடிந்திருந்தது. சரி, தானாக ஏதாவது வழி வரும் என்று விட்டுவிட்டேன். ஏழு மணி வந்தது. அவன், என் விரல் சரியாகணும் என்றான். நான் முழங்காலில் நின்றுகொண்டு, தெரிந்துகொண்டே, ஷெர்வினுடைய விரல் சரியாக வேண்டும் என்று மன்றாடுவோமாக என்று சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும். நவநாள் கணக்காக ஒன்பது நாள் சொன்னேன் கேரல். உலகத்தில் யாரும் இவ்வளவு பக்தியாகப் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். பகலில் அவன் ஆடும்போது நான் குளியலறைக்குப் போய்விடுவேன். மம்மி எனக்கு வயிறு சரியில்லை என்று கஞ்சி வைத்துக் கொடுத்தாள், அதையும் குடித்தேன்.

பத்தாம் நாள் அவன் முறை வந்ததும் கருத்தை மாற்றிச் சொன்னான். நாளைக்கு லேபில் சொல்லிவிடப் போகிறானாம், ரத்தம் எடுக்கிற வேலை இனி வேண்டாம், பில் போடுகிற கவுன்டரில் உட்காரவையுங்கள் என்று. இந்தக் கையை நம்பி இன்னொருத்தர் நரம்பில் ஊசி போட முடியாது, அதை ஏற்றுக்கொள்கிற மனசு வேண்டும் என்பதுதான் இன்றைய கருத்து என்றான். எல்லோரும் நான் சொல்வதற்குக் காத்திருந்தார்கள். மம்மி, தூங்கிட்டீங்களா, சொல்லுங்க என்றாள். நான் சொன்னது இதுதான். "கைல ஒண்ணும் இல்லடா. டிவிலதான். நான் தப்பா வாங்கிட்டேன்." அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாக, "எப்பலேந்து தெரியும் டாடி?" என்று கேட்டான். உன் டாடி வாழ்நாளில் எத்தனையோ கேள்விக்கு எத்தனையோ கதை விட்டவன். இதற்கு ஒன்பது நாளாக என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. மிச்சச் செபமாலையை மம்மியே நடத்தி முடித்தாள், அந்த வீட்டுத் தலைவன் பதவி அன்றோடு என்னிடமிருந்து போய்விட்டது.

ஷெர்வின் எழுந்து பெட்டியையும் வயரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே லாயிட் வீட்டுக்குப் போனான். நான் கைலியோடு பின்னாலேயே போய் வாசலில் நின்றேன், உள்ளே போகத் தைரியம் இல்லை. அந்தச் சின்ன டிவியில் மாட்டி ஆடினான். முதல் இரண்டு தடவை பயத்திலேயே விழுந்தான். மூன்றாம் தடவை அழுத்தினதும் அந்தக் குட்டி மனுஷன் தாண்டினான். பிறகு தாண்டிக்கொண்டே போனான். நடுவிரல் மட்டும் இன்னும் கொஞ்சம் சோம்பல், அது நிஜம், அதை மறைக்க மாட்டேன். ஷெர்வின் முகத்தைத் துடைத்துக்கொண்டதை லாயிட் பார்த்தான், என்னையும் பார்த்தான், சிரிக்கவே இல்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு இரண்டு நாள் உன் தம்பி என்னோடு பேசவில்லை. சாப்பாட்டில் உப்பு கேட்டால்கூட மம்மி வழியாகத்தான்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது என் பக்கம் திரும்பி, நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் என்னோடு வாங்க என்றான், அவ்வளவுதான். லேபில் அவன் மேலதிகாரி வெங்கடசாமி, கை எப்படி இருக்கிறதென்று ஒரு தடவை தன் முன்னால் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார். யார் கையில் என்று கேட்டதற்கு எங்க டாடி கையில் என்று சொல்லியிருக்கிறான். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், ஊசி என்றால் எனக்கு என்ன ஆகும் என்று. யானைப் படையை எதிர்த்து நிற்கச் சொன்னால்கூட நிற்பேன், ஊசிக்கு மாட்டேன். ஆனால் அன்று நானே சட்டைக் கையை மடித்து நீட்டினேன். ரப்பர் கட்டினான், நரம்பைத் தடவினான், கை நடுங்கினால் அதற்கும் நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே தடவை. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. வெங்கடசாமி தலையை ஆட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஷெர்வின் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே என் காதருகில், "லேட்டா வந்துச்சா டாடி?" என்றான். நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஊசி வலியில் அழுகிறேன் என்று நினைத்து எனக்கு சாக்லேட் கொடுத்தாள். ரிப்போர்ட்டில் சுகர் ஏறியிருக்கிறது, அந்த சாக்லேட்தான் கடைசி.

நாளை திங்கட்கிழமை அவன் பழைய வேலைக்கே போகிறான். டிவியை லாயிட்டோடு மாற்றிக்கொண்டேன். மறுபடியும் கயிறு, மறுபடியும் அப்பாதுரை, இந்தத் தடவை நான் கத்தவில்லை. இப்போது தெருவே அவன் வீட்டில் படம் பார்க்கிறது, ஆஹா லாயிட், என்ன டிவி என்ன டிவி என்று கீழேயிருந்து குரல் கேட்கிறது. கேட்டுக்கொண்டு பேசாமல் படுத்திருக்கிறேன், வேண்டும் எனக்கு. ஆண்டவர் படம் பழைய சுவருக்கு வந்துவிட்டது. உன் தம்பி என்னை மன்னித்துவிட்டான் என்று நினைக்கிறேன், அவன் வாயால் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ எனக்காக அவனிடம் பேச வேண்டாம். உன்னை ஏமாற்றினேன் மகளே, உன் அன்பை வாங்கி என் பெருமைக்குச் சுவரில் மாட்டினேன். மன்னித்துக்கொள்.

மழையில் சைக்கிள் ஓட்டாதே, கையுறை போடு, நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. மம்மியின் முத்தமும் என் ஆசீர்வாதமும் உன் நெற்றியில் எப்போதும் இருக்கட்டும். சனிக்கிழமை மறக்காமல் ஆட வா, அவன் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். இனி அவன் தாண்டினால் அது அவன் கை, விழுந்தாலும் அவன் கை. நடுவில் நான் இல்லை.

உன்னிடம் நிமிர்ந்து பேச இன்னும் கொஞ்ச நாள் கேட்கும்
உன் டாடி,
சில்வெஸ்டர்