எச்சில் கோப்பை

மோலினோஸ், சால்தா
18 மே 2008

என் நிக்காசியாவுக்கு,

உன் அன்செல்மோ எழுதுவது. நான் நலம். முழங்கால் வலியைப் பற்றி நான் கேட்டால்தான் நீ எழுதுவாய். கேட்டுவிட்டேன், எழுது.

அறுவடை முடிந்தது. காலையில் வாய்க்கால் ஓரத்தில் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. மத்தியானம் அதே இடத்தில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. நம் ஊர் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு சேதி. பண்ணையில் என்னைக் கொடி கவாத்து செய்யும் வேலையிலிருந்து எடுத்து, ஒயின் ருசி பார்க்க வருகிறவர்களைக் கவனிக்கும் வேலையில் போட்டிருக்கிறார்கள். சட்டை, தொப்பி, சிவப்புப் போஞ்சோ எல்லாம் அவர்களே தருகிறார்கள். பட்டப்பகல் வெயிலில் கம்பளிப் போஞ்சோ போட்டுக்கொண்டு நிற்கிறவன் நம் ஊரிலேயே நான் ஒருவன்தான். நீ பார்த்தால் சிரித்தே செத்துவிடுவாய்.

வேலை லேசு. பார்க்கத்தான் சகிக்கவில்லை. இவர்கள் குடிப்பதில்லை, நிக்கா. வாயில் ஊற்றி, கொப்பளித்து, நடுவில் வைத்திருக்கும் வாளியில் துப்புகிறார்கள். பத்து நாளைக்கு ஒரு முறை வரும் வாய்க்கால் முறைக்காக அண்ணன் தம்பிகள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டை போடுகிற ஊர் இது. அப்படி வளர்த்த திராட்சையைத் துப்புகிறார்கள். முதல் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜர் முதுகில் தட்டி, "நாகரிகம்னா இதுதாம்ப்பா, பழகிக்கோ" என்றார். பழகிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வேலையில் நிலைத்தால் பண்ணைக்குள்ளேயே வீடு தருவார்களாம். குழாயில் தண்ணீர். கல்மழையில் நம் கொடிகள் அழிந்த வருஷம், "ரெண்டே வருஷம், வந்துர்றேன்" என்று சொல்லி புவெனஸ் அயர்ஸ் பஸ்ஸில் ஏறினாய். ஏழு ஆகிவிட்டது. நான் குறை சொல்லவில்லை. சரி, சொல்கிறேன்தான். ஒவ்வொரு ஆகஸ்டும் பூமித்தாய்க்கு நம் முற்றத்தில் குழி திறக்கும்போது நான் ஒற்றை ஆளாக நிற்கிறேன். உன் மண்கோப்பையையும் எடுத்து வைத்து நிரப்பி, உன் பங்கையும் நானே மண்ணுக்குக் கொடுக்கிறேன்.

இந்த ஆகஸ்டுக்கு வா. வந்தால் திரும்பிப் போகாதே.

உன்
அன்செல்மோ


புவெனஸ் அயர்ஸ்
15 ஜூன் 2008

அன்புள்ள அன்செல்மோ,

முழங்கால் வலிக்கிறது. போதுமா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். போஞ்சோவை நினைத்துச் சிரித்தேன். வாளி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இங்கே வேலை செய்யும் வீட்டில் நான் தினமும் ஒஃபேலியா அம்மாளின் பல் செட்டைக் கழுவுகிறேன். முதல் வருஷம் குமட்டியது, இப்போது தட்டு கழுவுவது மாதிரி ஆகிவிட்டது. அதனால் நீ பழகிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாள் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அரைக் கோப்பை ஒயின் தருவார். முதல் வாயை நான் பால்கனித் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பேன். "என் செடிக்குக் குடிப்பழக்கம் கத்துக்கொடுக்கிறியா நீ?" என்று கத்துவார். செடி என்னவோ செழிப்பாகத்தான் இருக்கிறது. மண்ணோடு பங்கு போடாமல் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. மண்ணுக்கு ஊற்றிவிட்டு நாம் குடிக்காமல் வைத்தாலும் மனசு கேட்பதில்லை. நம் வாய்க்கு ஆகாததை அதற்கு எப்படிக் கொடுப்பது?

நம் கல்யாணத்தன்று ஒரே ஒரு கோப்பைதான் உடையாமல் இருந்தது, நினைவிருக்கிறதா? மண்ணுக்குக் கொஞ்சம், உனக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம். உன் எச்சில் எனக்கு ஒரு நாளும் எச்சிலாகத் தோன்றியதில்லை.

ஆகஸ்டில் விடுப்பு கிடைப்பது சந்தேகம். ஆனால் வருவதா வேண்டாமா என்று இந்த வருஷம் முடிவு சொல்லிவிடுகிறேன். வீடு ஒன்றுக்காக வர மாட்டேன். நீ அங்கே அதே ஆளாக இருந்தால் வருவேன்.

நிக்காசியா


மோலினோஸ்
5 ஆகஸ்ட் 2008

என் நிக்காசியாவுக்கு,

சும்மா நாலு வரி. முதல் தேதி குழி திறந்தேன். உன் கோப்பையும் வைத்தேன். மாதக் கடைசியில்தான் மூடுவேன்.

பண்ணையில் கூட்டம். இன்று விசேஷமாக ஒன்றும் இல்லை. வயிறு கொஞ்சம் சரியில்லை, காற்று அதிகம். உனக்கு விடுப்பு கிடைக்காதது ஒரு வகையில் நல்லதுதான், இந்தக் குளிர் உன் முழங்காலுக்கு ஆகாது. வெயில் காலத்தில் வா. அவசரம் இல்லை.

அன்செல்மோ


சால்தா நகரம்
7 ஆகஸ்ட் 2008

அன்செல்மோ,

நலமா என்று கேட்கப்போவதில்லை.

விடுப்பு கிடைக்கவில்லை, ஆனால் ஒஃபேலியா அம்மாளும் அவர் சிநேகிதர்கள் ஏழு பேரும் மலைமேல் ஒயின் பார்க்கக் கிளம்பினார்கள். அம்மாளுக்கு மாத்திரை கொடுக்கவும் கைப்பை சுமக்கவும் நான். உன் பண்ணைப் பெயரைப் பயணத் திட்டத்தில் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். உனக்கு எழுதவில்லை. திடீரென்று உன் முன்னால் வந்து நிற்க வேண்டும், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், அப்படியே தங்கிவிட வேண்டும். பெட்டியில் என் துணி முழுவதும் இருந்தது, அன்செல்மோ. அம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

பயணம் ஒரே அருவருப்பு. கணவாய் ஏறும்போது நாலு பேர் வேனுக்குள்ளேயே வாந்தி எடுத்தார்கள். மூவாயிரம் மீட்டருக்கு மேலே ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் நாற்றம். வாந்தி எடுத்த வாயைக் கையால் துடைத்துவிட்டு அதே கையால் பாலாடைக்கட்டியை நீட்டினார் ஒருவர், சுருட்டுப் புகைக்கும் வக்கீல். கள்ளிச்செடிகளைப் பார்த்து "இங்க மனுஷங்க என்னத்தைத் தின்னு வாழறாங்க?" என்று என்னையே கேட்டார். உங்களை மாதிரி ஆட்களைத்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது.

பிறகு, முந்தாநாள், உன் பண்ணை. பதினோரு வகை ஒயின். நான் சுவரோரம் கைப்பையோடு நின்றேன். கொர் கொர் என்று தொண்டையில் உருட்டித் துப்பினார்கள். அம்மாளின் உதட்டுச் சாயம் வாளி விளிம்பில் அப்பிக்கொண்டது. பிஸ்கட் தூள் ஒட்டிய வாயைக் கழுவிக் கொப்பளித்தார்கள். வக்கீல் சுருட்டு நுனியையும் அதிலேயே போட்டார். அந்த வாளியை ஒரு பெண் உள்ளே எடுத்துப் போனாள். நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் எங்களை வெளியே, பூமித்தாய்க்கென்று பண்ணையில் திறந்து வைத்திருந்த குழியருகில் அழைத்துப் போனார்கள். நீ வந்தாய், போஞ்சோவோடு, கையில் மண்ஜாடியோடு. உனக்கு நரை விழுந்திருக்கிறது. நீ சோள மாவு தூவினாய், கோக்கா இலை போட்டாய், ஒவ்வொருவராக அழைத்துக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாய். அவர்கள் மண்ணில் கவிழ்த்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் முறை வந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு உன் எதிரில் நின்றேன். நீ ஊற்றினாய். இரண்டு கையாலும் வாங்கினேன், பாதியை மண்ணுக்குக் கொடுத்தேன், மீதியைக் குடித்தேன். நம் ஊரில் பிறந்தவள் வேறு என்ன செய்வாள்?

வாயில் சாம்பல். ஊறின பிஸ்கட். அம்மாளின் உதட்டுச் சாயத்து ரோஜா வாசனை. வெதுவெதுப்பாக இருந்தது, அன்செல்மோ.

நீ என் முகத்தைப் பார்த்தாய். ஜாடியைப் பார்த்தாய். பிறகு, "அடுத்தவங்க வாங்க" என்றாய்.

சமையலறைக்கு ஓடி வாயைக் கழுவினேன். அங்கிருந்த எவரிஸ்தா என்பவள், "ஐயோ, நீ குடிச்சியா? இங்க யாரும் குடிக்க மாட்டாங்களேக்கா. அது மண்ணுக்குத்தானே" என்றாள்.

"மண்ணுக்குன்னா?"

"வாளியில மிஞ்சினதுதான். நல்ல பாட்டில எதுக்குத் தரையில கொட்டறதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. போன வருஷத்துல இருந்தே அப்படித்தான்."

கழுவக் கழுவப் போகவில்லை. இங்கே சால்தாவில் நாலு தடவை பல் தேய்த்தாகிவிட்டது. வேன் கிளம்பியபோது நீ கண்ணில் படவில்லை.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. என்னைத் தெரிந்ததா, இல்லையா?

நிக்காசியா


மோலினோஸ்
20 ஆகஸ்ட் 2008

நிக்கா,

தெரிந்தது. நீ தொப்பியைக் கழற்றிய உடனே தெரிந்தது.

வாயைத் திறந்தேன். பின்னால் மேனேஜர் நின்றார், பக்கத்தில் முதலாளியின் விருந்தாளிகள். ஊற்றாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். குடிக்காதே என்றால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். நகரத்தில் ஏழு வருஷம் இருந்தவள், மற்றவர்கள் மாதிரி கவிழ்த்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அப்படியே ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீ கோப்பையைத் தூக்கினாய். வீடு போய்விடுமே என்று ஒரு நொடி நினைத்தேன். உனக்காகத்தான் அந்த வீடு. அந்த ஒரு நொடியில் நீ குடித்து முடித்துவிட்டாய்.

மண்ணை நான் ஏமாற்றவில்லை. தினமும் விடிகாலையில் என் சொந்த பாட்டிலிலிருந்து அந்தக் குழிக்கு நல்ல ஒயின் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். இதை நீ நம்ப வேண்டும்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்று இருபது பேர் வந்தார்கள். ஜாடியோடு குழியருகில் நின்றேன். முதல் கோப்பையை எனக்கே ஊற்றிக்கொண்டேன். பாதியை மண்ணில் விட்டேன், மீதியைக் குடித்தேன், கடைசிச் சொட்டு வரை. பிறகு எல்லோருக்கும் சொன்னேன்: "இது நீங்க துப்பினது. உங்களுக்கே வேண்டாம்னு துப்பினதைத்தான் எங்க மண்ணுக்குக் குடுக்கச் சொல்றாங்க." ஒரு பெண் அங்கேயே வாந்தி எடுத்தாள். மேனேஜர் போஞ்சோவைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

வேலை இல்லை, பண்ணை வீடும் இல்லை. ஆனால் மனசு லேசாக இருக்கிறது, நிக்கா. நம் முற்றத்துக் குழி இன்னும் திறந்துதான் இருக்கிறது. முப்பத்தொன்றாம் தேதிதான் மூடுவேன். உன் கோப்பையைக் கழுவி வைத்திருக்கிறேன். வா.

உன்
அன்செல்மோ


புவெனஸ் அயர்ஸ்
26 ஆகஸ்ட் 2008

அன்செல்மோ,

இங்கே திரும்பியதும் கதவடியில் உன் ஐந்தாம் தேதிக் கடிதம் கிடந்தது. இன்று விசேஷமாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். அவசரம் இல்லை, வெயில் காலத்தில் வா என்றும் எழுதியிருந்தாய். என் வாயில் அந்த ருசி இருந்த அதே சாயங்காலம் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறாய்.

நேற்று உன் இருபதாம் தேதிக் கடிதம் வந்தது. நீ குடித்ததைப் படித்து அழுதேன். உண்மையாகவே அழுதேன். விடிகாலை பாட்டிலையும் நம்புகிறேன். மண் உன்னை மன்னித்துவிடும், அதற்கு இதைவிட மோசமானதெல்லாம் பழக்கம்.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். பத்தொன்பதாம் தேதி நீ இழந்தது ஒரு வேலை, ஒரு வீடு. ஐந்தாம் தேதி "குடிக்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் நீ இழந்திருப்பது அதே வேலை, அதே வீடுதான். ஒரு ரவை கூட அதிகம் இல்லை. யாரென்றே தெரியாத இருபது பேர் முன்னால் அதைத் தூக்கிக் கொடுக்க உன்னால் முடிந்திருக்கிறது. எதிரில் நான் நின்றபோது முடியவில்லை.

நீயும் குடித்துவிட்டதால் சரியாகிவிட்டது என்று நினைக்கிறாய். நீ குடிக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லையே. உன் எச்சில் எனக்கு எச்சிலாகத் தோன்றியதில்லை என்று ஜூனில் எழுதினேன். இப்போது உன் கையை நினைத்தாலே வாயில் சாம்பல் வருகிறது. பல் செட்டுக்குப் பழகியவளுக்கு இதற்குப் பழக முடியாதா என்று கேட்பாய். பழக முடியும். பழக விருப்பமில்லை.

பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி குழியை நன்றாக மூடு. மண்ணுக்கு நல்லதாகக் கொடு, நீயும் குடி. என் கோப்பையை வைக்காதே.

நிக்காசியா