வெளித் தாழ்ப்பாள்

ஞாயிற்றுக்கிழமை

மிக்ஸி, ஃபேன் ரிப்பேருக்கென்று வீட்டுக்குப் பின்னால் நான் ஒற்றை ஆளாகக் கட்டும் தகரக் கொட்டகைக்கு இன்று கதவு மாட்டினேன். என் மனைவி செல்வியின் அண்ணன் ஆறு ஞாயிறாக டோம்பிவிலியிலிருந்து மும்பை ஆண்டாப் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறான். ஒரு ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்ததில்லை. சாயாவை உறிஞ்சிக்கொண்டு, கூரைத் தகரத்தைக் காட்டி, "பத்ரா சாஞ்சிருக்கே மாப்ள" என்பான். அவன் வீட்டு ஃபேனைக் கழற்றக்கூட என்னைத்தான் கூப்பிடுவான். அவனுக்குச் சாய்வு தெரிகிறதாம்.

மதியம் கொட்டகைக்குள் மேசைக்கடியில் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. போன் வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. கத்தினேன். பக்கத்து வீட்டு டிவி என்னைவிடச் சத்தமாகக் கத்தியது. சுத்தியலால் அரைமணி நேரம் தகரத்தை அடித்தேன். வெயிலில் கொட்டகை அடுப்பாகிவிட்டது. ஒருவரும் வரவில்லை.

கடைசியில் அவன்தான் திறந்தான், கையில் சாயா கிளாஸோடு.

"உள்ளயா இருந்திய மாப்ள? ஆளில்லாம தொறந்து கெடக்கேன்னு நாந்தான் தாழ்ப்பாளப் போட்டேன். அடிக்கிற சத்தம் கேட்டு செல்வி எந்திச்சா. வேலை பாக்காவ, தொந்தரவு பண்ணாதன்னு நாந்தான் உக்கார வச்சேன்."

ஆறு வாரத்தில் அவன் செய்த ஒரே வேலை இது. போகும்போது சந்தில் நின்று, "நான் இல்லன்னா மாப்ள உள்ளயே வெந்திருப்பாவ" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

நாளைக்கு முதல் வேலையாக உள்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் வைக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அவன் வரும்போது நானே போட்டுக்கொள்வேன்.