அப்பா காருக்கு ரிலே வச்ச விஷயம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன். இங்கே நான் சுகம், அப்பாவைப் பத்தித்தான் இந்தக் கடிதமே. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார், போன்ல பேசினா காதுல விழும், அதான் எழுதுறேன்.

உன்னைவிட வயசான நம்ம காரை அவர் இன்னும் விடலை. ஆறு மாசமா ஹெட்லைட் மங்குது மங்குதுன்னு ஒரே புலம்பல். பல்பு மாத்தினார், பேட்டரி புதுசு போட்டார், ஒண்ணும் சரிப்படலை. கடைசியில ஒரு கார் எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வந்தார். விளக்குக்குப் போற கரண்ட் முழுக்க சுவிட்ச் வரைக்கும் வந்து பழைய மெல்லிசு ஒயர்ல சுத்திப் போகுது, வழியிலேயே பலம் போயிடுது, ரெண்டு ரிலே வச்சா சுவிட்ச் உத்தரவு மட்டும் கொடுக்கும், கரண்ட் பேட்டரியில இருந்து நேரா விளக்குக்குப் போகும்னு அந்த ஆள் சொன்னார். தீப்பெட்டி மாதிரி ஒரு கறுப்பு டப்பா, அதுக்கு இவ்வளவு பெருமையான்னு எனக்கு அப்பவே சந்தேகம். நல்ல பழைய சாமானைக் கழட்டிட்டுப் போயிடுவாரோன்னு ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துட்டேன். அவர் பையை ரெண்டு தடவை எட்டிப் பார்த்தேன், மனுஷன் கவனிச்சுட்டுச் சிரிச்சார்.

சாயங்காலம் விளக்கைப் போட்டா எதிர்வீட்டுச் சுவர் வெள்ளையடிச்ச மாதிரி ஆயிடுச்சு, எனக்கே கண் கூசிச்சு. உங்கப்பா மட்டும் எங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துட்டு அப்புறம்தான் நல்லாயிருக்குன்னார். ரெண்டே நாள்ல பழையபடி மங்கல், மட்டமான ரிலேவைத் தலையில கட்டிட்டான்னு சத்தம். எலக்ட்ரீஷியன் மறுபடி வந்து மீட்டர் வச்சு அளந்து, பேட்டரியில இருக்கிறது குறையாம விளக்குக்கு வருதுன்னு எனக்கும் காட்டினார். கிளம்பும்போது, வண்டியில குறை இல்லம்மான்னு மட்டும் சொன்னார். என் சந்தேகம் ஆள் மாறிச்சு. மறுநாள் இருட்டினதும் அப்பாவை சீட்ல உட்கார வச்சு விளக்கைப் போடச் சொல்லிட்டு நான் சுவரோரமா நின்னேன். சத்தம் போடாம இடது பக்கமா நகர்ந்துகிட்டே போனேன். நீ எங்கே போயிட்டேன்னு கேட்டார். நான் வெளிச்சத்துக்குள்ளதான் நின்னுட்டிருந்தேன்.

ஓடிப்போய்ப் பக்கத்துல உட்கார்ந்தேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடியே, ஒரு நாள் ராத்திரி ஒரு சைக்கிள்காரர் நம்ம கார்ல அடிபடாம நூலிழையில தப்பிச்சார், காரைக் குறை சொன்னா சரிபண்ணிடலாம், கண்ணைச் சொன்னா நீ சாவியைப் பிடுங்கிடுவேன்னுதான் சொல்லலைன்னார். பிடுங்கத்தான் செஞ்சேன், அழுதுகிட்டேதான். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி ஓரப் பார்வை போயிட்டிருக்காம், போனது வராது, மிச்சத்தைச் சொட்டு மருந்து காப்பாத்தும்னு டாக்டர் சொல்றார். போட்டுக்கிட்டேன்னு இவர் சொன்னா நம்புறதில்லை, நானே விடுறேன். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிட்டு வர்றது அந்த எலக்ட்ரீஷியன்தான். பையைப் பார்த்ததுக்கு மன்னிப்பு கேட்டேன், நாலு வீட்டுல இதே கதைதாம்மான்னார்.

நீங்க ரெண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாம நல்லா இருக்கணும், என் ஆசி எப்பவும் உண்டு. இந்த வியாதி பிள்ளைகளுக்கும் வரலாமாம், இந்த வாரமே கண்ணைக் காட்டிடு. காட்டிட்டேம்மான்னு போன்ல சொன்னா நம்ப மாட்டேன், நீ அவர் பொண்ணு. டாக்டர் எழுதின காகிதத்தை அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா