விலகி நிற்கும் வேடம்

என் கண்ணுக்கு,

நீ மடத்தில் கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு எடுக்கும் நாளுக்கு என்னை அழைத்து எழுதியிருந்தாய். இத்தனை நாள் பதில் போடாததற்கு நாடக ஒத்திகைதான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன். அலுவலகம் விட்டதும் அங்கே ஓடுகிறேன். வீடு திரும்பும்போது உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது.

நம் தெரு மன்றத்து நாடகம்தான். பெயர் பெற்ற பாடகி ஒருத்தி கச்சேரிகளை விட்டுவிட்டுக் கன்னியாஸ்திரி ஆகிறாள். எனக்குப் பாடகியின் அம்மா வேடம். வேண்டாம் என்றுதான் சொன்னேன், அந்த வயதில் வேறு ஆள் இல்லையாம்.

கடைசிக் காட்சியில் மகள் பெட்டியோடு கிளம்புவாள். நான் வாசலை விட்டு விலகி நிற்க வேண்டும், அவ்வளவுதான். வசனம்கூடக் கிடையாது. இன்றைய ஒத்திகையிலும் நான் நகராமல் நின்றேன்.

நாடகத்தை இயக்குவது நம் பல் டாக்டர். "அக்கா, நீங்க நகர்ந்தாத்தான் அவ மடத்துக்குப் போக முடியும். கடவாய்ப்பல்லைப் பிடுங்குறதுகூட இவ்வளவு கஷ்டமில்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

மகளாக நடிக்கும் மருந்துக்கடைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "எவ்வளவு நேரம்மா நான் இப்படியே நிக்கிறது? போன்னாவது சொல்லுங்க, போகாதேன்னாவது சொல்லுங்க" என்றாள். அவள் நாடகத்தைத்தான் சொன்னாள். நான் விலகினேன்.

அப்பா வர மாட்டார், அவரை வற்புறுத்தாதே. நான் வருகிறேன். அங்கே உனக்கு வேறு பெயர் வைப்பார்களாமே, அது என்னவென்று மட்டும் எழுது. வருவதற்குள் சொல்லிப் பழகிக்கொள்கிறேன்.

அம்மா