பரீட்சை பெஞ்சிலிருந்து கஸ்தூரிக்கு

என் வாயாடித் தங்கச்சி கஸ்தூரிக்கு,

எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை, கை அப்படிப் பரபரக்கிறது. நீ இருந்திருந்தால் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே போன் போட்டு உன் காதைத் துளைத்திருப்பேன். நீ போன பிறகு இதையெல்லாம் யாரிடம் சொல்ல? விஷயம் இதுதான்: டாக்டர் பரீட்சைக்கு நான் மறுபடியும் போனேன்!

நம்மைச் சேர்த்து வைத்ததே அந்தப் பரீட்சைதானே. ஏற்கெனவே டாக்டராக இருப்பவர்கள் வாதநோய்க்கென்று தனியாக மேல்படிப்பு படித்துவிட்டு, கடைசியில் நிஜ நோயாளியைப் பரிசோதித்து என்ன நோய் என்று சொல்ல வேண்டும். அந்த நிஜ நோயாளிகள் நாம். போக வரச் செலவும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்து, 'கேஸ்' என்று பெயர் வைத்து பெஞ்சில் உட்கார வைப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஸ்கிளிரோடெர்மா. தோல் இறுகி, குளிர் பட்டால் விரல் வெளுத்துப்போகும் வியாதி. அந்தப் பெயரை மட்டும் டாக்டர்களிடம் நாம் சொல்லிவிடக் கூடாது என்பது சட்டம். நீ எந்தக் காலத்தில் சட்டத்தை மதித்தாய்?

"இன்னா கண்ணு, இப்பிடி வேர்த்து ஊத்துது? ஸ்கிளிரோடெர்மா. போய் தெகிரியமா சொல்லு!" நீ கிசுகிசுப்பது பக்கத்து அறைக்கே கேட்கும். நான் முறைத்தால், "பாவம்க்கா, புள்ள பாஸாவட்டும். நமக்கு இன்னா கொறஞ்சி பூடும்?" என்பாய்.

நீ இல்லாமல் அங்கே போகவே கூடாது என்றுதான் இருந்தேன். அந்த நோய் உன் நுரையீரலையும் இறுக்கிவிட்டது என்று தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது. "கோவில்பதாகை ரோட்டுத் தூசிக்கா" என்று இருமலைத் தள்ளிவிட்டாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, தெரியுமா? ஆனால் இந்த முறை, கேஸ் கிடைக்கவில்லை, வாருங்கள் என்று போனில் கெஞ்சினார்கள். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நெமிலிச்சேரியில் ரயிலேறினேன்.

எனக்கு வாய்த்தது நிலோஃபர் என்று ஒரு டாக்டர். என் பெயரையே இரண்டு தரம் தப்பாக எழுதி அடித்தாள். உன்னை நினைத்துக்கொண்டு நானும் குனிந்து, "கண்ணு, இது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்மா, சொல்லாதீங்க. நானே பாக்கிறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடான கை. அந்த ஏசி அறையில் என் விரலுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

மூச்சு வாங்குகிறதா என்று எல்லோரும் கேட்பார்கள், இல்லை என்று நானும் சொல்வேன். அவளும் கேட்டாள், நானும் சொன்னேன். ஆனால் அவள் விடவில்லை.

"ஸ்டேஷன் படிக்கட்டு ஏறும்போது எங்கயாவது நிப்பீங்களாம்மா?"

"நடுவுல ஒருதரம் நிப்பேன். பையைக் கை மாத்திக்க."

"பையில என்ன இருக்கும்?"

"தயிர் பாக்கெட்டு."

"ஒரு தயிர் பாக்கெட்டுக்கா கை மாத்துறீங்க?"

கஸ்தூரி, எனக்கே அப்போதுதான் உறைத்தது.

முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டாள். தேர்வாளர்கள் வந்ததும் நோயின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு, "நுரையீரலையும் தொட ஆரம்பிச்சிருக்கு சார்" என்றாள். அவர்களில் பெரியவர் தன் கையிலிருந்த என் கேஸ் தாளைப் பார்த்தார். "இதுல நுரையீரல் நார்மல்னு போட்டிருக்கேம்மா. நிச்சயமா சொல்றியா?"

அவள் படிப்பு முழுக்க அந்த ஒரு பதிலில் நின்றது. "நிச்சயமா சார். நீங்களே கேட்டுப் பாருங்க."

அவர் கேட்டார். முகம் மாறியது. அடுத்தவரைக் கூப்பிட்டார், அவரும் கேட்டார். செருப்பில் ஒட்டுகிற வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தமாம். எனக்குள் இப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது!

ஸ்கேனும் அதையேதான் சொன்னது. ஆனால் ஆரம்பம், கஸ்தூரி, வெறும் ஆரம்பம்! மாத்திரை தொடங்கியாயிற்று, கட்டுக்குள் வைக்கலாம் என்கிறார்கள். உன்னைக் கொண்டுபோனது என்னிடம் வாசலிலேயே மாட்டிக்கொண்டது. ஸ்கேன் அறைக்கு வெளியே நான் சிரித்துக்கொண்டே அழுததைப் பார்த்து, பக்கத்திலிருந்தவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

நேற்று ரிசல்ட். பாஸ்! போனில் நிலோஃபர் கத்த, நான் கத்த, கீழ் ஃபிளாட்டு ஐ.டி. தம்பதி என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார்கள். உன்னிடமும் யாராவது அந்தப் படிக்கட்டுக் கேள்வியைக் கேட்டிருந்தால்? அப்போதும் தூசி என்றுதான் சொல்லியிருப்பாயா?

அடுத்த வருடமும் போவேன். நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டு, நான் இல்லை என்றதும் அடுத்த கேள்விக்குத் தாவுகிற பிள்ளை யாராவது வந்தால், கையைப் பிடித்து நிறுத்தி, "படிக்கட்டைப் பத்திக் கேளு கண்ணு" என்று கிசுகிசுப்பேன். பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி. இது உன்மேல் சத்தியம்.

உன் பெஞ்சு அக்கா,
விஜயா